செவ்வாய்க்கிழமை நிர்வாகம்

வித்யா பரிபாலன சபையில் வேலை பார்த்த எல்லோரும் பயந்தவர்கள்தான் என்றாலும், எலியேசர் வாத்தியார் கொஞ்சம் ஒழுங்குமுறையோடு பயந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையில் பஸ் ஏறும்போது சாதாரண மனிதராக இருப்பார். ராஜபாளையத்து மில் புகைபோக்கி கண்ணில் பட்டதும் சட்டைக் காலரை ஒரு தடவை சரிசெய்துகொள்வார். சபையின் இரும்புக் கேட்டுக்குள் நுழையும்போது அவருடைய உயரத்தில் நாலு விரற்கடை குறைந்திருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அது மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிடும்.

சபைக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி, ஒரு பாலிடெக்னிக், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, ஒரு கல்யாண மண்டபம். அத்தனைக்கும் சேர்த்து ஒரே செயலாளர், ராஜரத்தினம் அய்யா. கமிட்டி என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை கூடி, அய்யாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வடை பாயாசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அய்யாவின் அம்பாசிடர் உள்ளே நுழைந்தால் யார் எங்கே இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். டிரைவர் மட்டும் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் நின்றார்கள். அய்யா பின்சீட்டில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? ஒருமுறை ஆஸ்பத்திரியில் நர்சுகள் எழுந்து நிற்க, இடுப்பு வலி கண்ட பெண் ஒருத்தியும் பயந்துபோய்க் கட்டிலைவிட்டு எழுந்து நின்றதாக ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் பயம்.

கொடைக்கானலில் டி.வி. நிலையம் வந்து, ஊரில் வசதிப்பட்டவர்களின் மொட்டைமாடிகளில் எல்லாம் ஆன்டெனாக்கள் வடக்கே பார்த்து நின்ற சமயம் அது. மெட்ராஸிலிருந்து ஒரு டைரக்டர் அய்யாவைப் பார்க்க வந்தார். ஒல்லியான ஆள், தோளில் ஜோல்னாப் பை.

"பதிமூணு வாரத் தொடர் சார், செவ்வாய்க்கிழமைதோறும் வரும். ஒரு பெரிய கல்வி நிறுவனத்தை நடத்துற ஒருத்தரோட கதை. உங்க கட்டடம் பொருத்தமா இருக்கும்."

"ஒருத்தர் கதையா, கமிட்டி கதையா?" என்று கேட்டார் அய்யா.

"ஒருத்தர் கதைதான் சார்."

"அப்ப எடுங்க."

கட்டடத்தைக் கொடுத்தார், காரைக் கொடுத்தார், தன் சுழல் நாற்காலியையும் கொடுத்தார். நிர்வாகம் என்றால் என்னவென்று டைரக்டருக்குத் தெரிய வேண்டுமே என்று பக்கத்தில் உட்கார வைத்துப் பேச்சையும் கொடுத்தார்.

"நான் யாரையும் பயமுறுத்துறதே இல்ல, தம்பி. அவனவனாப் பயப்படுதான். நல்ல பழக்கம்தானேன்னு நானும் விட்டுருதேன்" என்றார். "இங்க முழு ஜனநாயகம். எல்லாரு அபிப்பிராயத்தையும் கேப்பேன். கேட்டு, எவன் எவன் அபிப்பிராயம் வச்சிருக்கான்னு மனசுல குறிச்சுக்கிடுவேன்." டைரக்டரின் உதவியாள் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். தன் அருமை தெரிந்த ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று அய்யாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு டப்பா பால்கோவா வாங்கிக்கொடுத்து, அய்யனார் கோவில் அருவிக்குக் காரில் அனுப்பிவைத்தார்.

எலியேசருக்குக் கெட்ட காலம் பிறந்தது படப்பிடிப்பின் கடைசி நாளில். கதையில் வரும் செயலாளருக்கு முன்னால் கைகட்டி நிற்க ஒரு வாத்தியார் வேண்டியிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த துணை நடிகருக்கு நிற்க வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்துகொண்டே இருந்தது. டைரக்டர் சலித்துப்போய் வெளியே வந்தபோது, செயலாளர் அறை வாசலில் எலியேசர் நின்றுகொண்டிருந்தார். அய்யா மதுரைக்குப் போயிருந்தார், அறையில் யாரும் இல்லை. ஆனாலும் நின்றார்.

"இந்த நிலைதான் வேணும்! இவரைக் கூட்டிட்டு வாங்க."

ஹெட்மாஸ்டர் ஞானதுரை உடனே உத்தரவு போட்டார். "போங்க எலியேசர். அய்யா கட்டடத்துல நடக்க காரியம், மறுக்கப்படாது."

காட்சி இதுதான். செயலாளருடைய வெள்ளி டம்ளர் காணாமல் போகிறது. தண்ணீர் கொண்டுவரும் பெண்தான் எடுத்தாள் என்று அவர் முடிவு கட்டுகிறார். கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்துப் போடு என்று கணக்கு வாத்தியாரிடம் சொல்கிறார். வாத்தியார் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, "முடியாதுங்கய்யா."

எலியேசருக்கு வியர்த்துவிட்டது. அந்த அறையில், அந்த நாற்காலியைப் பார்த்து, அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

"ஸார், 'சரிங்கய்யா'ன்னு மாத்திக்கிடலாமா? அதுவும் கிட்டத்தட்ட அதே நீளம்தான்" என்று கெஞ்சிப் பார்த்தார். டைரக்டர் சிரித்தாரே தவிர மாற்றவில்லை. பல தடவை 'மு' வரைக்கும் வந்து நின்றுபோனது. கடைசியில் நடிகருடைய முகத்தைப் பார்க்காமல் காதை மட்டும் பார்த்துக்கொண்டு எப்படியோ சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட பள்ளிக்கூடத்து ஆள் ஒருத்திதான். படப்பிடிப்புக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பாலம்மாள். சுந்தரபாண்டியத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்து, பள்ளிக்கூடம் முழுக்கத் தண்ணீர் சுமப்பவள் அவள்தான்.

"வாத்தியாரய்யா, நல்லாச் சொன்னீய" என்றாள் மெதுவாக.

"வெளிய சொல்லிராத பாலம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

வீட்டுக்கு வந்து மனைவி தேவகிருபையிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அது எந்த வாரத்துல வரும்?"

"தெரியலையே. டைரக்டருக்கே தெரியாதாம்."

"அப்ப செவ்வாக்கிழமைதோறும் ராஜபாளையத்துல கரண்டு போகணும்னு ஜெபம் பண்ணுவோம்" என்றாள் அவள். ஸ்ரீவில்லிபுத்தூரை ஜெபத்தில் சேர்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் நாடகம் பார்ப்பதைக் கெடுப்பானேன் என்ற நியாயம் அவளுக்கு இருந்தது.

தொடருக்குத் 'தலைமைப் பீடம்' என்று பெயர். அய்யா பள்ளிக்கூட ஹாலில் பெரிய கலர் டி.வி. வைத்து, எல்லா ஆசிரியர்களும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முன்னால் அய்யாவுக்கு ஒரே ஒரு சோபா. பின்னால் பெஞ்சுகள்.

முதல் வாரம் ஆரம்பித்த உடனேயே ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திரையில் அய்யாவின் நாற்காலி. அதில் அய்யாவைப் போலவே வெள்ளை வேட்டியில் ஒரு நடிகர். "நான் யாரையும் பயமுறுத்துறதே இல்ல, அவனவனாப் பயப்படுதான்" என்றார் அவர். பார்க்கிற குழந்தைக்கும் இவன் வில்லன் என்று புரியும்படி பின்னால் இசை உறுமியது. பெஞ்சுகளில் யாரும் மூச்சு விடவில்லை. சிரித்தால் வேலை போகும். கைதட்டினாலும் போகலாம். ஞானதுரை நாடகத்தைப் பார்க்கவில்லை, சோபாவில் இருந்த பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அய்யா தொடையில் ஓங்கித் தட்டினார். "எம்புட்டு அருமையா நிர்வாகம் பண்ணுதான், பாத்தீகளா! மனுசன்னா இவன் மனுசன்!"

ஹால் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. எலியேசரும் தட்டினார்.

பயப்பட வேண்டியது நாடகத்துக்கு இல்லை, மறுநாளைக்கு என்பது இரண்டாம் வாரத்தில்தான் தெரிந்தது. அந்த வாரம் திரையில் இருந்த செயலாளர், உட்கார்ந்திருக்கிற வாத்தியாருக்குப் புத்தியும் உட்கார்ந்துவிடும் என்று சொல்லி நாற்காலிகளை அப்புறப்படுத்தினார். புதன்கிழமை காலையில் எலியேசர் வகுப்புக்குப் போனால் நாற்காலி இருந்த இடத்தில் நாலு கால் தடம்தான் இருந்தது. அடுத்த வாரம் திரையில், ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் இன்னொருவருடைய குற்றத்தைத் தனியாக வந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. புதன்கிழமை எலியேசர் அய்யாவுக்கு முன்னால் நின்றார். கண்ணுக்கு முன்னால் வந்தது டிரில் மாஸ்டர் ஆண்டிச்சாமியின் முகம்.

"விசிலு கொஞ்சம் சத்தமா ஊதுதாருங்கய்யா."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஆண்டிச்சாமியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆஜானுபாகுவான மனிதர், கண் கலங்கியிருந்தது. "அண்ணே, மன்னிச்சிருங்க. பஸ்ஸுல நீங்க எப்பவும் ஜன்னல் சீட்டுதான் கேப்பீகன்னு சொல்லிப்புட்டேன்."

இப்படியே போயிற்று. அய்யாவுக்கு அந்த நாடகத்தில் வில்லன் யாரென்றே தெரியவில்லை. தான் முப்பது வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இவ்வளவு துப்புரவாகச் செய்கிற ஒருவனை அவர் இப்போதுதான் பார்க்கிறார். பெஞ்சுகளில் இருந்தவர்களோ நாடகம் பார்க்கவில்லை, மறுநாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலியேசருக்கு மட்டும் இரட்டைப் பயம். மற்றவர்களுக்குப் புதன்கிழமை பயம். அவருக்குச் செவ்வாய்க்கிழமையும் பயம்.

ஏழாவது வாரத்தில் திரையில் வெள்ளி டம்ளர் காணாமல் போனது. தண்ணீர்க்காரப் பெண் அழுதாள். "சாட்சி வேணும். கூப்பிடு அந்தக் கணக்கு வாத்தியாரை" என்று திரையில் இருந்தவர் சொன்னதும் 'தொடரும்' என்று எழுத்துப் போட்டுவிட்டார்கள். எலியேசருக்குப் பெஞ்சிலிருந்து எழவே முடியவில்லை. ஆண்டிச்சாமி கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

புதன்கிழமை காலையில் அய்யா அறையில் இருந்த வெள்ளி டம்ளரைக் காணவில்லை.

பாலம்மாளை வரவழைத்தார்கள். வராந்தாவில் எல்லோரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் தொடலங்கய்யா. இம்புட்டு வருசமா இங்க தண்ணி சுமக்கேன். ஒரு கரண்டி எடுத்திருப்பனா?"

"நீ எடுக்கலைன்னு எனக்கும் தோணுது" என்றார் அய்யா நிதானமாக. "ஆனா என் தோணலுக்காக நிர்வாகத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? காரு வரும்போது குடத்தைத் தூக்கிக்கிட்டு நீ பாட்டுக்கு நடந்து போறவ. இன்னைக்குக் குடம், நாளைக்கு எது? சாட்சி கிடைச்சதும் போலீசுக்குச் சொல்லுவோம்."

"சாட்சி யாருங்கய்யா?" என்று ஞானதுரை பவ்வியமாகக் கேட்டார்.

"அடுத்த செவ்வாக்கிழமை தெரியும்" என்றார் அய்யா.

அந்த ஒரு வாரமும் எலியேசருக்குச் சோறு இறங்கவில்லை. சாத்தூரில் இருக்கிற மச்சினன் வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தார். மஞ்சள் காமாலை என்று லீவு போடலாமா என்றார். "காமாலைன்னா கண்ணு மஞ்சளாகணுமே" என்றாள் தேவகிருபை. இரண்டு பேரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. கரண்டு போகவில்லை. திரையில் அறைக் கதவு திறந்தது. தோள் குறுகி, கைகட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு எலியேசர் உள்ளே வந்தார். ஹாலில் ஒரு சலசலப்பு.

"அட, நம்ம ஆளு!" என்றார் அய்யா சந்தோஷமாக.

திரையில் செயலாளர் கையெழுத்துப் போடச் சொன்னார். எலியேசரின் முகம் திரை முழுக்க வந்தது. உதடு நடுங்கியது. வாய் திறந்தது. அப்படியே படம் அறுந்து, பூந்தொட்டி ஒன்றின் படமும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற எழுத்தும் வந்து நின்றன. வீணை இசை ஒலித்தது.

ஜெபத்தைக் கர்த்தர் பாதி கேட்டிருக்கிறார் என்று எலியேசர் நினைத்துக்கொண்டார். செத்த நேரம் எல்லோரும் பூந்தொட்டியையே பார்த்தார்கள். அது மாறவில்லை. அய்யா விளக்கைப் போடச் சொல்லிவிட்டுச் சோபாவில் இருந்தபடியே திரும்பினார்.

"ஏய்யா வாத்தியாரே, எந்திரியும். அதுல என்ன சொன்னீரு?"

எலியேசர் எழுந்தார். 'சரிங்கய்யா' என்று சொல்லிவிடலாம். நாடகமே நின்றுபோயிருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்தவள் ஒருத்தி உண்டு. ஹால் வாசலில் தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் தன்னைப் பார்ப்பாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார். பாலம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். தன் கண்ணைப் பார்த்து வாத்தியார் சங்கடப்பட வேண்டாம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதைத்தான் எலியேசரால் தாங்க முடியவில்லை.

"முடியாதுங்கய்யா" என்றார்.

"என்ன முடியாது? ஞாபகம் இல்லையா?"

"ஞாபகம் இருக்குங்கய்யா. அதான் சொன்னேன். முடியாதுங்கய்யா."

ஞானதுரை பதறி எழுந்தார். "எலியேசர், அது நாடகத்துல. அய்யா இப்பக் கேக்காக. கையெழுத்துப் போடுவீரா மாட்டீரா?"

"இப்பவும் அதேதாங்க ஸார்." குரல் கீச்சென்று வந்தது. அவருக்கே அது தன்னுடையதாகத் தெரியவில்லை. "அந்தம்மா எடுத்ததை நான் பாக்கல. எடுக்கவும் இல்ல."

அய்யா கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. முகத்தில் ஒரு திகைப்பு. டி.வி.யைத் திரும்பிப் பார்த்தார். பூந்தொட்டி.

"நீரு முடியாதுன்ன உடனே அவன் என்ன செஞ்சான்?"

"யாருங்கய்யா?"

"அந்தச் செயலாளரு! உம்மை என்ன செஞ்சான்?"

எலியேசர் யோசித்துப் பார்த்தார். "'கட்'னு சொல்லிட்டாகங்கய்யா. பொறவு எனக்கு ஒரு டீ குடுத்தாக."

அய்யா நெற்றியைத் தேய்த்தார். முப்பது வருட நிர்வாகத்தில் இந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. கேட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. "சரி, அடுத்த வாரம் காட்டுவான்ல. பாத்துட்டு முடிவெடுப்போம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வேலையப் பாருங்க."

அன்றைக்கு ராத்திரி தேவகிருபை வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். "நிசமாவே சொன்னீயளா?"

"மூணு தடவை சொன்னேன்."

அவள் தட்டில் சோற்றைப் போட்டு, முட்டையைப் பொரித்து வைத்தாள். அவர் சாப்பிடும்போது சோறு சிந்தியது. அவள் அதையும் பார்க்காதமாதிரி இருந்தாள்.

அடுத்த வாரம் திரையில் இருந்த செயலாளர் மெடிக்கல் காலேஜ் கட்டக் கிளம்பிவிட்டார். வாத்தியார் வரவில்லை. அதற்கடுத்த வாரம் தன் மைத்துனரோடு சண்டை. வாத்தியார் வரவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் எலியேசரை அறைக்கு வரச் சொல்லி, "இந்த வாரமும் வரல. போம்" என்று அனுப்பினார் அய்யா. தூக்குத் தண்டனையை வாரா வாரம் தள்ளிவைப்பதுபோல இருந்தது அவருக்கு. பாலம்மாளும் வழக்கு முடியாத குற்றவாளியாகத் தினமும் தண்ணீர் சுமந்தாள்.

பதிமூன்றாம் வாரம் கமிட்டி கூடித் திரையில் இருந்த செயலாளரைப் பதவியிலிருந்து இறக்கியது. யாருமற்ற கட்டடத்தின் முன்னால் அவர் தனியாக நிற்பதோடு நாடகம் முடிந்தது. வருத்தப்படலாமா என்று தெரிந்துகொள்ள ஞானதுரை பிடரியைப் பார்த்தார்.

"கடைசியில கெடுத்துட்டானுக" என்றார் அய்யா. "நல்ல மனுசன். மேலிடத்துல எவனோ தலையிட்டுருக்கான்."

மறுநாள் டி.வி.யை அகற்றினார்கள். அந்த வருடம் கமிட்டிக் கூட்டம் வைக்கவில்லை.

எலியேசர் விஷயம் மட்டும் பாக்கி நின்றது. அய்யா மெட்ராஸுக்கு டிரங்க்கால் போட்டு டைரக்டரையே கேட்டுவிட்டார். பிறகு எலியேசரை அழைத்தார்.

"உமக்கு ஒரு சீன்தானாம்யா. பொறவு அந்த ஆளு கதையிலேயே இல்லையாம்."

"அப்படிங்களாய்யா."

"அதனால இனிமே நீரு இங்க இருக்கீருன்னு நான் எடுத்துக்கிடப் போறதில்ல. போம்."

அன்றிலிருந்து எலியேசர் இல்லாதவர் ஆனார். கூட்டத்தில் ஞானதுரை அவருடைய பெயரைத் தாண்டிப் போனார். எதிரே வந்தால் அவரை ஊடுருவி அந்தப் பக்கச் சுவரைப் பார்த்தார். அரசாங்க மானியப் பள்ளி என்பதால் சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாததால் அவர்கள் வழக்கம்போலக் கணக்குப் படித்தார்கள். வெள்ளி டம்ளர் அய்யா வீட்டுப் பூஜை அறையிலேயே இருக்கிறது என்று டிரைவர் சொல்லி எல்லோருக்கும் தெரிந்தது. சாட்சி இல்லாத வழக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பாலம்மாளும் கேட்கவில்லை.

அடுத்த ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துப் புதுச் சுவர் இடிந்து விழுந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கால் முறிந்தது. சுவரைக் கட்டியவர் அய்யாவின் மருமகன். மறுநாள் காலையில் டிரில் மாஸ்டரை அய்யா வரவழைத்தார். செயலாளர் அறைக்குப் பக்கத்து வகுப்பில் எலியேசர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தடுப்புச் சுவர் வழியாக அய்யாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பையன்தான் சுவத்துல ஏறிக் குதிச்சான்னு சொல்லணும். நீரு பாத்தீரு. என்ன?"

அப்புறம் ஆண்டிச்சாமியின் குரல் வந்தது. மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரல், இப்போது சளிபிடித்த குழந்தையின் குரல்போல இருந்தது.

"முடியாதுங்கய்யா."

எலியேசர் கையில் இருந்த சாக்குக்கட்டி இரண்டாக உடைந்தது. முதலில் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. 'இது நான் சொல்லிக்கொடுத்ததுன்னு அய்யா நினைப்பாகளே' என்ற பயம்தான் வந்தது. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னீரு?" என்றது அய்யாவின் குரல்.

ஆண்டிச்சாமிக்கு இரண்டாவது தடவை வராது என்று எலியேசருக்குத் தெரிந்துவிட்டது. முதல் தடவையைவிட அதுதான் கஷ்டம்.

"செத்த நேரம் சத்தம் போடாம இருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, அவர் வராந்தாவுக்கு வந்தார். பக்கத்து வகுப்பு வாசலில் சயின்ஸ் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அதற்கப்பால் தமிழய்யா. அவருக்கும் அப்பால் இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோருடைய முகத்திலும் ரத்தம் இல்லை. ஞானதுரை தன் அறையிலிருந்து ஓடிவந்து, வகுப்புக்குப் போங்கள் என்று கையால் சைகை காட்டினார்.

அறைக்குள் போக யாருக்கும் தைரியம் இல்லை. ஆனால் வகுப்புக்கும் யாரும் திரும்பிப் போகவில்லை.